அமுச்சியின் முறுக்குச் சங்கிலி தங்கம்தானா?

கேட்டவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். அமுச்சி (அம்மாவின் அம்மா) கழுத்தில் கிடந்த ஐந்து பவுன் முறுக்குச் சங்கிலியை அடகு வைக்கக் கொண்டுபோயிருக்கிறார். கடைக்காரர் இரண்டு தடவை உரசிப் பார்த்துவிட்டு, "இது சரியில்லைங்க, வேற ஏதாச்சும் இருந்தா கொண்டாங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சங்கிலியில் முத்திரை எதுவும் இல்லை. அது போலியா, வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா, தை மாதம் தங்கச்சி கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போது எதைப் பார்த்து வாங்குவது என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

நான் கோவையில் ஆசாரி வீட்டில் பிறந்தவன். சின்ன வயதில் பட்டறையில் ஊதுகுழல் பிடித்தேன். அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் நகைக் கடன் கொடுக்கும் இடங்களில் மதிப்பீட்டாளராக வேலை பார்த்தேன். பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணைக்கூட அள்ளி அரித்துத் தங்கத்தூள் எடுக்கிற ஊர் எங்களுடையது. அதனால் இதில் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் "சரியில்லை" என்றுதான் சொன்னார், "போலி" என்று சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. தொழிலில் இருப்பவர்கள் ஒரு நகையைக் கையில் வாங்கினால் "இது தங்கமா?" என்று கேட்க மாட்டார்கள், "டச் எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். நூறு பங்கு எடையில் சுத்தத் தங்கம் எத்தனை பங்கு என்பதே டச். 22 காரட் என்றால் 91.6. அந்தக் காலத்து நகைகள் 88, 85, சில சமயம் 80 டச்சுக்கும் இறங்கும். அவ்வளவுதான் என்றால் அது தங்கமே, விலைதான் கொஞ்சம் குறையும்.

ஏன் இறங்குகிறது என்றால், பற்றவைப்பதால். முறுக்குச் சங்கிலி என்பது நூற்றுக்கணக்கான சின்ன வளையங்களைக் கோத்துப் பற்றவைத்தது. இரண்டு தங்கத் துண்டை ஒட்டவைக்க, தங்கத்தைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஒன்று வேண்டும். தங்கத்தோடு செம்பும் வெள்ளியும் கலந்து அரத்தால் ராவி எடுத்த பொடியை, வெண்காரத்தோடு இணைப்பில் வைத்து ஊதுவார்கள். 'பொடி வைத்துப் பேசுகிறான்' என்று நாம் சொல்வது இங்கிருந்து வந்தது என்பார்கள். கம்பி 22 காரட்டாகவே இருந்தாலும், நூறு இடத்தில் பொடி விழுந்த சங்கிலியை மொத்தமாக உருக்கினால் டச் இறங்கத்தான் செய்யும். உங்கள் கடைக்காரர் உரசிய இடம் ஒரு பற்றாக, அதாவது பொடி வைத்து ஒட்டிய இணைப்பாக, இருந்திருந்தாலே அவர் முகம் சுளித்திருப்பார்.

பின்னால் வந்த கே.டி.எம். என்ற பெயரும் இந்தப் பற்றைப் பற்றியதே. பொடியில் கேட்மியம் சேர்த்தால் கொஞ்சம் போதும், நகையின் தரமும் அதிகம் குறையாது. ஆனால் பற்றவைக்கும்போது கிளம்பும் புகை ஆசாரியின் நெஞ்சைக் கெடுக்கும் என்பதால் அது கைவிடப்பட்டது. இன்றும் சிலர் "கே.டி.எம். தங்கமா கொடுங்க" என்று கடையில் கேட்கிறார்கள். அது தங்கத்தின் ரகம் அல்ல, ஒட்டவைத்த முறை.

சரி, சோதனைக்கு வருவோம். எந்தச் சோதனை செய்தாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இது நகைக்குள் எவ்வளவு ஆழம் போய்ப் பார்க்கிறது? தங்கம் விஷயத்தில் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் மேல்தோலைப் பார்த்துவிட்டு உள்ளே உள்ளதைப் பற்றி முடிவு செய்தவர்கள்தான். அதில் நானும் ஒருவன். அந்தக் கதை கொஞ்சம் தள்ளி வருகிறது.

வீட்டுச் சோதனைகள் என்று ஊரில் உலவுபவை பலவும் தோலைக்கூடத் தாண்டாது. காந்தம் ஒட்டவில்லை என்றால் தங்கம் என்பார்கள். பித்தளை, செம்பு, வெள்ளி, ஈயம் எதிலும் காந்தம் ஒட்டாது, கவரிங் நகை பெரும்பாலும் செம்பிலும் பித்தளையிலும்தான் செய்கிறார்கள். மறுபக்கம், நல்ல தங்கச் சங்கிலியின் கொக்கியில் சின்ன இரும்பு ஸ்பிரிங் இருந்தால் அந்த இடம் மட்டும் காந்தத்தில் ஒட்டும். அதைப் பார்த்துப் பதறி ஓடி வந்தவர்களையும் கண்டிருக்கிறேன். தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது என்பதும் வெறும் பேச்சு, பித்தளைச் சொம்புத் துண்டும் மூழ்கும். கடித்தால் பல் பதிய வேண்டுமாம். ஈயத்தில் இன்னும் நன்றாகப் பதியும்.

நெருப்பில் காட்டினால் கருக்கக் கூடாது என்பதுதான் இவற்றில் மோசமானது. 22 காரட் தங்கத்தில் செம்பு கலந்திருக்கிறது. சூடு பட்டால் மேலே உள்ள செம்பு கருக்கும். எங்கள் பட்டறையில் பற்றவைத்த நகை கருப்பாகத்தான் வெளியே வரும். புளித்தண்ணீரில் போட்டு, பூந்திக்கொட்டை நுரையில் துலக்கிய பிறகுதான் மஞ்சள் முகம் தெரியும். இன்னொன்று, உடைந்த தெர்மாமீட்டர் பாதரசத்தை மோதிரக் கையால் தொட்டால் தங்கம் வெள்ளையாகிவிடும். அது போலிக்கு அடையாளம் அல்ல, பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும் குணம். அதைப் போக்கவென்று அடுப்பில் சுடாதீர்கள், அந்தப் புகை விஷம்.

வீட்டில் செய்வதில் நான் மதிக்கிற சோதனை ஒன்றுதான். எடைச் சோதனை. அது நகையின் மேலையும் உள்ளையும் சேர்த்துப் பார்க்கும். சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டர் 19.3 கிராம் இருக்கும். வெள்ளி 10.5, செம்பு 9க்குக் கொஞ்சம் கீழே, பித்தளை எட்டரை வாக்கில். இவ்வளவு இடைவெளி இருப்பதால்தான் பழகிய கை ஒரு வளையலைத் தூக்கிப் பார்த்தே சந்தேகப்படுகிறது.

செய்வது எளிது. பத்து மில்லிகிராம் (0.01 கிராம்) வரை நுணுக்கம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும். முதலில் சங்கிலியை அப்படியே நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு சின்ன பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் வைத்துத் தராசில் ஏற்றி, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வாருங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்குகிற மாதிரி, ஆனால் அடியையும் பக்கத்தையும் தொடாமல், கையால் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டுகிற எண், சங்கிலி ஒதுக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இந்த எண்ணால் வகுத்தால் வருவதுதான் அதன் அடர்த்தி.

உங்கள் சங்கிலி ஐந்து பவுன், அதாவது 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 22 காரட் என்றால் தண்ணீரில் 2.2 முதல் 2.3 கிராம் வரை காட்டும், வகுத்தால் 17.6க்கும் 18க்கும் நடுவில் வரும். 80 டச் என்றால் இரண்டரை கிராம் பக்கம் போகும். வெள்ளிக்கு மேல் முலாம் என்றால் மூன்றே முக்காலைத் தாண்டும். பித்தளை என்றால் நாலரைக்கும் மேலே. பார்த்தீர்களா, தங்கத்துக்கும் பித்தளைக்கும் உள்ள வித்தியாசம் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

முறுக்குக்குள் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும், அதனால் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி மூழ்கவிடுங்கள். குமிழி இருந்தால் அடர்த்தி குறைவாகத்தான் காட்டும், அதிகமாகக் காட்டாது. உள்ளே அரக்கு வைத்த வளையல், பொள்ளலான ஜிமிக்கி, கல் பதித்த அட்டியல் எல்லாவற்றுக்கும் இதே கதி. ஆகவே இந்தச் சோதனை நல்ல நகையைக் கெட்டது என்று தப்பாகச் சொல்லலாமே தவிர, பித்தளையைத் தங்கம் என்று சொல்லவே சொல்லாது. இதை ஏமாற்றக்கூடியது டங்ஸ்டன், 19.25 என்று தங்கத்தோடு ஒட்டி நிற்கும் உலோகம். ஆனால் அது 3400 டிகிரிக்கு மேல்தான் உருகும், முறுக்கினால் ஒடியும். கட்டித் தங்கம் வாங்குகிறவர்கள்தான் அதற்குப் பயப்பட வேண்டும். அமுச்சி சங்கிலிக்குள் அது வர வழியே இல்லை.

இப்போது உரைகல். கருப்புக் கல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தரம் தெரிந்த தங்க ஊசியால் இன்னொரு கோடு இழுத்து, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவது. அப்புறம் திராவகம், அதாவது நைட்ரிக் அமிலம், ஒரு சொட்டு. பித்தளைக் கோடு நுரைத்துப் பச்சையாகிக் காணாமல் போகும், தங்கக் கோடு அப்படியே நிற்கும். தேர்ந்த கண்ணுக்கு இரண்டு மூன்று டச் வித்தியாசம்கூடத் தெரியும். அப்பா இதில் கெட்டிக்காரர். ஆனால் கல் கேட்பது கோட்டில் ஒட்டிய தூளை மட்டும்தான்.

இதைப் படிக்க எனக்கு ஒரு பெரிய தொகை செலவானது. மதிப்பீட்டாளராகச் சேர்ந்த புதிதில், நாலு வளையல் கொண்டுவந்தார் ஒருவர். ஒவ்வொன்றிலும் இரண்டு இடத்தில் உரசினேன். திராவகம் விட்டேன். கோடு அசையவில்லை. கடன் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆள் திரும்ப வரவில்லை. ஏலத்துக்கு எடுத்தபோது ஒன்றை வெட்டினார்கள், உள்ளே வெள்ளை. வெள்ளிக்கு மேல் தடிமனாகத் தங்கம் ஏற்றியிருந்தார்கள். நான் உரசியது தங்கத்தைத்தான், கல் பொய் சொல்லவில்லை. அந்தப் பணத்தை என்னிடம்தான் பிடித்தார்கள். அன்று சாயங்காலம் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அரம் போட்டியா?" அந்த வளையல்கள் பருமனுக்கு ஏற்ற கனம் இல்லை என்பது என் கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கல்லை நம்பிக் கையை மறந்துவிட்டேன். அதற்கப்புறம், கண்ணில் படாத இடத்தில் அரத்தால் ஒரு கீறல் போட்டு, அந்தக் கீறலுக்குள்ளேதான் உரசினேன்.

இப்போது டச் பார்க்கும் மெஷின் வந்துவிட்டது. எக்ஸ்ரே கதிரை நகை மேல் விட்டு, அது திருப்பித் தருகிற கதிரை வைத்து என்னென்ன உலோகம் எத்தனை சதவீதம் என்று ஒரு நிமிஷத்தில் சீட்டு அடித்துக் கொடுக்கும். நல்ல கருவி. நகைக்குச் சேதமில்லை. ஆனால் ஆழக் கேள்வியை இதனிடமும் கேளுங்கள். தங்கத்துக்குள் அது பார்ப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தடித்த முலாமைத் தாண்டாது. அதோடு, நான் முன்னே சொன்ன புளித்தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? சுட்டுத் துலக்கும் ஒவ்வொரு தடவையும் மேலே உள்ள செம்பு கழன்று போகும். எந்தக் களவும் இல்லாத நகையிலேயே தோல் உள்ளைவிடக் கொஞ்சம் உசத்தியாக இருக்கும். மெஷின் சீட்டில் 91 என்று இருந்து, உருக்கினால் 89 வந்தது என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். ஒரே இடத்தில் பார்க்க விடாதீர்கள். கொக்கி, நடுக்கம்பி, ஒரு பற்று, அரம் போட்ட ஒரு கீறல் என்று நாலு இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுபேச்சு இல்லாதது நெருப்பு மட்டும்தான். நகையிலிருந்து சின்னத் துணுக்கை வெட்டி நிறுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் ஆன சின்னக் கிண்ணத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் உலையில் வைப்பார்கள். ஈயமும் செம்பும் மற்ற அழுக்குகளும் கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மிஞ்சுவது தங்கமும் வெள்ளியும் சேர்ந்த ஒரு குண்டு. அதைத் தட்டையாக்கி நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவிட்டால் வெள்ளி கரைந்து போகும். மீதியை நிறுத்தால் அதுதான் தங்கம். புடம் போடுவது என்று நம் ஆட்கள் சொல்வதன் ஆய்வுக்கூட வடிவம். ஒரே குறை, துணுக்கு போய்விடும்.

கல்யாண நகைக்கு வருவோம். புது நகையில் இந்தப் பாடெல்லாம் உங்களுக்காக வேறு ஒருவர் பட்டுவைக்க வேண்டும் என்பதுதான் ஹால்மார்க். பி.ஐ.எஸ்., அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனம், இதை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல் மாவட்டம் மாவட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். இப்போது நகையில் மூன்று குறி இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ்.ஸின் முக்கோண முத்திரை, 22கே916 என்பது போன்ற தரக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம். இந்த ஆறு இலக்கத்தை எச்.யு.ஐ.டி. என்கிறார்கள். 2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான நகையை இது இல்லாமல் கடைகள் விற்கக் கூடாது. வெறும் 916 என்ற எண்ணை மட்டும் காட்டினால் ஏமாறாதீர்கள். அந்த எண்ணை அடிக்க ஒரு சின்ன அச்சும் சுத்தியலும் போதும்.

கடையில் லென்ஸ் கேட்டு வாங்கி அந்த ஆறு இலக்கத்தைப் படித்து, பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் போட்டுப் பாருங்கள். கடையின் பதிவு, சோதித்த மையம், தேதி, தரம் எல்லாம் வரும். பலரும் "வந்துடுச்சு" என்று போனை மூடிவிடுகிறார்கள். அங்கே என்ன நகை என்றும் எழுதியிருக்கும், அதைப் படியுங்கள். கையில் இருப்பது ஆரம், செயலியில் மோதிரம் என்றால், அந்த எண் எங்கிருந்தோ எடுத்து அடிக்கப்பட்டது.

இரண்டு கிராமுக்குக் குறைந்த உருப்படிகளுக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. மூக்குத்தி, சின்னத் தோடு, தாலியோடு கோக்கிற குண்டுகள் எல்லாம் இதில் வந்துவிடும். அதாவது கல்யாணத்தில் முக்கியமான சாமான்கள்தான் முத்திரை இல்லாமல் வருகின்றன. இவற்றை மட்டும் தெரிந்த கடையிலோ, மூணு தலைமுறையாகப் பழகிய ஆசாரியிடமோ வாங்குங்கள். பில்லில் காரட்டையும், கல் நீங்கிய எடையையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகும் சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்துக்கு நீங்களே எடுத்துப் போகலாம். 2022-இல் அறிவித்த கட்டணம் நாலு உருப்படி வரை 200 ரூபாய், ஐந்தோ அதற்கு மேலோ என்றால் உருப்படி ஒன்றுக்கு 45. முத்திரை சொன்னதைவிடத் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைச் செலவும் கடைக்காரர் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். விதி சொல்கிறது. மூன்று பவுன் வளையல் 916 என்று வாங்கி 833 வந்தால், ஏறக்குறைய இரண்டு கிராம் சுத்தத் தங்கம் குறைவு. நாலு கிராமுக்கான பணம் கேட்கலாம். பில் இருந்தால்தான்.

கல்யாண வீடு என்று தெரிந்தால் இரண்டு வகை ஆட்கள் வாசலுக்கு வருவார்கள். ஒருவர் நகைக்குப் பாலிஷ் போடுகிறவர். அவர் கிண்ணத்தில் இருப்பது தங்கத்தையே கரைக்கும் ராஜ திராவகம் என்றால், நகை பளபளத்துத் திரும்பும், கிராம் கணக்கில் தங்கம் கிண்ணத்திலேயே தங்கிவிடும். இன்னொருவர், அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் மணிமாலை கிடைத்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்பவர். கோவை பக்கத்து வெள்ளலூரில் ரோமானியர் காசுகள் மொத்தமாகத் தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன என்பதால், 'தோண்டும்போது கிடைத்தது' என்றால் நம்மூரில் நம்பத் தோன்றும். ஒரு மணியை உங்கள் எதிரிலேயே கிள்ளிக் கொடுத்து "டச் பார்த்துட்டு வாங்க" என்பார். அது அசல் தங்கமாகவே இருக்கும், மாலையில் மற்றது எதுவும் தங்கமாக இருக்காது. தவறிப்போய் மாலை அசலாகவே இருந்தாலும், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டிய பொருள்.

இனி உங்கள் சங்கிலி. முத்திரை இல்லாத பழைய நகையை வைத்திருப்பதும் விற்பதும் அடகு வைப்பதும் தப்பில்லை, அதற்காக யாராவது விலையை அடித்துக் குறைத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வீட்டில் தண்ணீர்ச் சோதனை. கொக்கியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். 17க்கு மேல் வந்தால் நிம்மதியாக வேறு இடத்தில் அடகு வைக்கலாம். 15, 16 என்றால் தங்கம்தான், டச் குறைவு, அல்லது குமிழி, அதனால் இன்னொரு தடவை பாருங்கள். 12க்குக் கீழே என்றால் ஒரு நப்பாசையும் வேண்டாம்.

நடுவில் ஏதாவது வந்து, விற்பதாகவும் முடிவு செய்தால், ஈரோட்டிலோ கோவையிலோ உருக்கித் தருகிற இடத்துக்குப் போங்கள். உருக்கும் முன் எடை, உருக்கிய பின் எடை இரண்டையும் பக்கத்தில் நின்று பாருங்கள், டீ குடிக்கக்கூட நகராதீர்கள். விற்க மனசில்லை, அமுச்சி ஞாபகமாக வைத்துக்கொள்வோம் என்றால் உருக்கவே வேண்டாம். அந்த முறுக்கை இன்று கையால் போடுகிற ஆசாரிகள் குறைவு.

காற்றில் எத்தனை, தண்ணீரில் எத்தனை என்று இரண்டு எண்ணையும் எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.